செட்டிநாட்டுக் கொல்லையில் முள்ளங்கி விளைவிக்கும் முறை

முதன்முதலாக வீட்டில் காய்கறி போட நினைப்பவரிடம் "முள்ளங்கியிலிருந்து தொடங்குங்கள்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். விதை மலிவு, நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் வேலை இல்லை, நான்காம் ஐந்தாம் நாளில் முளை தெரிந்துவிடும், 45 நாளில் கிழங்கு குழம்புக்கு வந்துவிடும். இந்த ஆலோசனையில் பிழையொன்றும் இல்லை என்றாலும், காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என நம் பக்கத்து ஊர்களில் அதை அப்படியே நம்பி விதையைத் தூவினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே கொல்லை மண் செம்மண். அரை அடி தோண்டுவதற்குள் மண்வெட்டி சரளையில் மோதும். சில வீடுகளில் அதற்கும் கீழே, சுவர் எழுப்ப வெட்டியெடுப்பார்களே, அந்தச் செம்பூராங்கல்லே படுத்திருக்கும். கத்தரியும் வெண்டையும் பக்கவாட்டில் வேரோட்டி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். முள்ளங்கியில் நாம் உண்பதே வேர்தான் என்பதால், மண்ணுக்குள் அது பட்ட பாடு அத்தனையும் தட்டில் வந்து தெரியும்.

என் முதல் பாத்தியில் அப்படித்தான் ஆயிற்று. நான்கு விரற்கடை ஆழத்துக்கு மண்ணைக் கொத்திவிட்டு, பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்திலிருந்து இரண்டு கூடை பச்சைச் சாணியை வாங்கிக் கொட்டிக் கிளறி, மறுநாளே விதைத்தேன். இலை ஆளை மயக்கும்படி முழங்கால் உயரம் வளர்ந்தது. ஐம்பதாம் நாள் பிடுங்கிப் பார்த்தால், ஒவ்வொரு கிழங்கும் நான்கு விரல் நீளத்தில் நின்று, அங்கிருந்து இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து, உடம்பெல்லாம் சல்லிவேர் விட்டிருந்தது. தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் அதில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில சரளை கெடக்குது, ஆச்சி. மேல பொன்னாக் கொட்டுனாலும் அங்ஙன போயி முட்டிக்கிட்டு ரெண்டாத்தான் பொளக்கும்" என்றார். அவர் சொன்னதில் பாதிக் காரணம் இருந்தது. மீதிப் பாதி அந்தப் பச்சைச் சாணி. மக்காத எரு, இளம் வேரின் நுனியைக் கெடுத்துக் கிளைக்க வைக்கும். அதிலுள்ள தழைச்சத்து இலைக்குத் தீனியாகப் போய்விடும். ஆகவே இந்த வழிகாட்டியில் விதைப்பைவிட மண்ணைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

பருவம்

முள்ளங்கி கடுகின் உறவுக்காரப் பயிர், குளிர்ச்சியை விரும்பும். வெயில் ஏறினால் கிழங்கில் காரம் கூடும், நார் விழும், கிழங்கு திரளும் முன்பே பூத்தண்டு மேலெழும்பிவிடும். நம் பகுதிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசியில் அடித்துப் பெய்யும்போது விதைத்தால் விதை அடித்துச் செல்லப்படும், அல்லது தேங்கிய நீரில் அழுகும். மழை சற்று ஓய்ந்து, இரவு குளிரத் தொடங்கும் கார்த்திகை முதல் வாரத்திலிருந்து தை முடிய விதைப்பதே புதியவர்களுக்கு ஏற்றது. நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: திருக்கார்த்திகைக்குப் பத்து நாள் முன்னதாக முதல் வரிசையை விதைத்தால், தீபம் முடிந்து ஒரு வாரத்தில் கலைத்தெடுக்கும் இளஞ்செடி கீரையாகும், தீபத்திலிருந்து 21 நாள் கழித்து நகரத்தார் வீடுகளில் வரும் பிள்ளையார் நோன்புக்கு இழை (திரி ஏற்றிய மாவை உண்ணும் சடங்கு) எடுத்து, அதன்பின் இரண்டு வாரம் போனால் கிழங்கு கைக்கு வரும்.

ஆடியில் விதைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். வெப்பம் தாங்கும் ரகத்தைத் தேர்ந்து, பிற்பகல் வெயிலுக்கு மறைப்புக் கொடுத்தால் விதைக்கலாம். கிழங்கு சற்றுக் காரமாக இருக்கும். பங்குனி முதல் வைகாசி வரை பாத்தியைச் சும்மா விட்டுவைப்பதே நல்லது.

விதை

வீட்டுக்கு மூன்று ரகங்களைப் பரிந்துரைப்பேன். தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா சேட்கி வெண்மையானது, 40 முதல் 45 நாளில் விளைவது, வெப்பத்தை மற்ற ரகங்களைவிட நன்றாகத் தாங்குவது. அதிக நீளம் போகாமல் பருத்து நிற்பதால் ஆழம் குறைந்த நம் மண்ணுக்கு இதுவே முதல் தேர்வு. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகமும் ஏறக்குறைய 45 நாளில் வந்துவிடும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா நிஷாந்த் 50 முதல் 55 நாள் எடுத்துக்கொள்ளும். கிளைக்காமலும் சீக்கிரம் பஞ்சு விழாமலும் இருப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. படங்களில் அழகாகத் தெரியும் சிவப்பு உருண்டை முள்ளங்கி மலைப் பகுதிக்கும் நல்ல குளிருக்கும் உரியது. மார்கழியில் ஒரு தொட்டியில் ஆசைக்குப் போட்டுப் பார்க்கலாம், அதை நம்பிப் பாத்தி போட வேண்டாம்.

ஒரு கிராமில் ஏறக்குறைய நூறு விதை இருக்கும் என்பதால், பத்துக் கிராம் உறை ஒரு வீட்டுக்கு ஒரு பருவம் முழுவதற்கும் மிஞ்சும். உறையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதி நாளைப் பார்த்து வாங்குங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கிவந்து, நூறு விதைக்குப் பதினேழு முளை எண்ணினேன். சந்தேகம் இருந்தால் இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். நான்கு நாளில் பதினைந்துக்கு மேல் முளைவிட்டால் விதை நல்ல விதை.

இடம்

நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலும் இருக்கும்படி நீண்டு கிடக்கும் நம் வீடுகளில், அடுப்படியைத் தாண்டிய பின்கட்டுக் கொல்லையே பெரும்பாலும் தோட்டத்துக்கு வாய்க்கும். அங்கே மதில்கள் உயரமானவை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தென்புறத்தில் பத்தடி மதில் இருந்தால் உச்சிவேளையிலேயே அதன் நிழல் வடக்கே ஆறரை அடிக்கு விழும். ஆனியில் வெயிலாகக் கிடந்த இடத்தைப் பார்த்துப் பாத்தி பிடித்துவிட்டு, மார்கழியில் அது நிழலில் கிடப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். தென்மதிலிலிருந்து ஏழெட்டு அடி தள்ளியே பாத்தியைப் போடுங்கள்.

இடத்தைத் தேர்வதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இது பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியது. இடிந்த சுவரும் உதிர்ந்த பூச்சும் பல ஆண்டுகளாகக் கொல்லையின் ஒரு மூலையில் கொட்டப்பட்டு மண்ணோடு மண்ணாகியிருக்கும். அந்த மூலையைத் தோண்டினால் ஓட்டுச் சில்லும் செங்கற்பொடியும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் காரைக் கட்டிகளும் வரும். நம் வீட்டுச் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பால் ஆனது என்பது தெரிந்ததே. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் போரான் என்னும் நுண்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகும். அந்தக் குறை முள்ளங்கியில், வெளியே பளபளவென்றிருக்கும் கிழங்கை அரிந்தால் உள்ளே பழுப்புத் திட்டாகவும் சில சமயம் பொந்தாகவும் தெரியும். இப்படி வந்தால் பூச்சியைத் தேடாதீர்கள். அடுத்த முறை பாத்தியை வேறு இடத்துக்கு மாற்றுவதே சுலபமான வழி. வேறு இடமே இல்லையென்றால், ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 1 கிராம் வெங்காரம் (போரான் உள்ள போராக்ஸ் உப்பு) என்ற அளவில் பூவாளித் தண்ணீரில் கரைத்து விதைக்கும் முன் தெளிக்கலாம். 1 கிராம் என்பதைத் தராசில் நிறுத்தே போட வேண்டும். போரான் சற்று மிகுந்தாலும் பயிரையே கருக்கிவிடும். மண்ணின் தன்மையைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள விரும்புவோர் குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

மண்ணைப் பக்குவப்படுத்துதல்

விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். மூன்றடி அகலம், பத்தடி நீளம் ஒரு குடும்பத்துக்குப் போதும். அகலம் மூன்றடிக்கு மேல் போனால், இரு பக்கமும் குந்தி நடுவில் கையெட்டிக் களை எடுப்பது கடினம். பாத்திக்குள் காலை வைத்து மிதித்தால் நாம் இளக்கிய மண் மறுபடி இறுகிவிடும்.

காய்ந்த செம்மண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் நாள் மாலை பாத்தி முழுவதும் நன்றாக நனைய நீர்விட்டு, மறுநாள் காலை, மண் கையில் ஒட்டாமல் பிடித்தால் உதிரும் பதத்தில் இருக்கும்போது வெட்டுங்கள். முதல் அரை அடி மண்ணை மண்வெட்டியால் வாரி ஒரு பக்கமாகக் குவித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருப்பதைக் கடப்பாரையால் குத்தி உடைத்து, அதை மறுபக்கம் தனியாகக் குவியுங்கள். மொத்தம் ஒன்றேகால் அடி ஆழம் வர வேண்டும். கொத்தனார்கள் மணல் சலிக்கும் கம்பிச் சல்லடை ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, இரண்டு குவியலையும் அதன்மேல் வீசிச் சலித்தால் சரளை அத்தனையும் முன்னால் உருண்டு விழும். இந்தப் பாத்திக்கு முதல் முறை சலித்தபோது எனக்கு ஏழு கூடைச் சரளை வந்தது. அதை வீசாமல் பாத்தியைச் சுற்றிலும் நடைபாதையாகப் பரப்பிவிட்டேன். மழைக்காலத்தில் கால் சேறாகாமல் இருக்க அது உதவுகிறது. சலிக்கும் வேலைக்கு இரண்டு பேருக்கு ஒரு முழுக் காலைப் பொழுது பிடிக்கும், முதுகும் வலிக்கும். ஆனால் இதை ஒருமுறை செய்தால் போதும், அடுத்தடுத்த ஆண்டுகளில் கொத்திவிடுவதோடு வேலை முடிந்துவிடும்.

ஒன்றேகால் அடிக்குள்ளேயே செம்பூராங்கல் தட்டுப்பட்டால் அதனோடு போராடுவதில் பயனில்லை. கிடைத்த ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, பாத்தியின் நான்கு பக்கமும் செங்கல்லையோ பழைய ஓடுகளையோ வரிசையாக ஊன்றி, குறைந்த ஆழத்தை மேலே உயர்த்திச் சரிக்கட்டிவிடலாம். கல் தட்டுப்படாத பாத்தியையும் தரைமட்டத்திலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டுவது நல்லது. கார்த்திகையில் திடீரென்று ஒரு புயல் மழை வந்தாலும் நீர் தேங்காமல் வடிந்துவிடும்.

சலித்த மண்ணைத் திரும்பக் கொட்டும்போது அதனோடு கலக்க வேண்டியவை இவை: ஆறு கிலோ நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது அதே அளவு மக்கிய ஆட்டுப் புழுக்கை, கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு, விறகடுப்பு இருந்தால் இரண்டு கை சாம்பல். கண்மாய் வண்டல் கிடைத்தால், மொத்த மண்ணில் நான்கில் ஒரு பங்கு வரை சேர்த்தால் செம்மண்ணின் ஈரம் தங்கும். எரு மக்கிவிட்டதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தால் போதும்: மக்கியது மழை பெய்த மண்ணின் வாசனை தரும், உள்ளே சூடிருக்காது, வைக்கோல் துணுக்கு அடையாளம் தெரியாது. அரைகுறையாக மக்கிய ஓலையும் சருகும் உள்ளே போனால் கரையானுக்கு விருந்து வைத்ததாகிவிடும். நம் மண்ணில் கரையான் அழைக்காமலே வரும். வேப்பம் புண்ணாக்கைச் சேர்ப்பது முக்கியமாக அதற்காகத்தான். இப்படிக் கலந்த பாத்தியை நனைத்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு, இடையில் முளைக்கும் களையைக் கொத்திவிட்டால் விதைப்புக்கு ஆயத்தமாகிவிடும்.

விதைத்தல்

பாத்தியின் நீளவாக்கில் ஓரடிக்கு ஒன்றாக மூன்று கோடுகள் இழுங்கள். ஆழம் அரை அங்குலத்துக்கு மிகக் கூடாது. கோட்டில் விதையை ஓர் அங்குல இடைவெளியில் ஒவ்வொன்றாக இட வேண்டும். கை பழகாதவர்கள் ஒரு பங்கு விதையோடு நான்கு பங்கு காய்ந்த மணலைக் கலந்து தூவினால் சீராக விழும். செம்மண் நனைந்து காய்ந்தால் மேலே அப்பளம் போல ஓர் ஓடு கட்டும். இளமுளை அதை முட்டித் திறக்க முடியாமல் உள்ளேயே மடங்கிவிடும். அதனால் விதையை மூடுவதற்கு அந்த மண்ணையே இழுத்துவிடாமல், சலித்த மக்கிய எருவும் மணலும் சம அளவு கலந்து மெல்லத் தூவி மூடுங்கள். வாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும் என்பதால் பூவாளியில்தான் நீர் தெளிக்க வேண்டும்.

மூன்று வரிசையையும் ஒரே நாளில் விதைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் தொண்ணூறு முள்ளங்கி ஒரே வாரத்தில் வந்து நிற்கும், அக்கம்பக்கத்தில் கொடுத்தே மாளாது. முதல் வரிசையை இன்றும், இரண்டாவதைப் பத்து நாள் கழித்தும், மூன்றாவதை மேலும் பத்து நாள் கழித்தும் விதையுங்கள். மாசிப் பிறப்பு வரை இதே சுழற்சியில் போகலாம்.

முள்ளங்கியை வேறோர் இடத்தில் முளைக்க வைத்துப் பிடுங்கி நடுவது ஆகாது. ஆணிவேரின் நுனி அறுந்தால் அது கிளைத்துத்தான் வளரும். நாற்றங்காலில் மிஞ்சிய செடியை வீணாக்க மனமில்லாமல் நட்டுப் பார்த்த எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள்.

கலைத்துவிடுதல்

முளைத்த பன்னிரண்டு பதினைந்து நாளில், இரண்டு வித்திலையோடு இரண்டு மூன்று உண்மையிலையும் வந்திருக்கும்போது, செடிக்குச் செடி நான்கு அங்குலம் இருக்கும்படி இடையில் உள்ளவற்றை எடுத்துவிட வேண்டும். நன்றாக வளர்ந்து நிற்கும் செடியைப் பிடுங்க யாருக்கும் கை வராது. எனக்கும் முதலில் வரவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி நின்றவை கடைசியில் எலிவால் பருமனுக்கு மேல் திரளவே இல்லை. நீர்விட்டு மண் இளகிய பிறகு, நிற்க வேண்டிய செடியின் அடியை இடக்கை விரல்களால் அமுக்கிக்கொண்டு, மற்றதை வலக்கையால் இழுங்கள். இரண்டும் நெருங்கியிருந்தால் பிடுங்காமல் கத்தரியால் தரையோடு வெட்டிவிடுங்கள். எடுத்த செடிகள் வீணாகாது. வேர்மண்ணை அலசிவிட்டுப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய்யலாம். முற்றிய இலையில் இருக்கும் சுணை இதில் இருக்காது.

கலைத்த கையோடு களைக்கொத்தியால் மேலாகக் கிளறி, செடியின் அடியில் மண்ணை அணைத்துவிடுங்கள். கிழங்கின் தோள் வெளியே தெரிய ஆரம்பிக்கும் நாலாவது வாரத்தில் இன்னொருமுறை மண் அணைத்தால், வெயில் பட்டுத் தோள் பச்சைபாய்வது குறையும்.

நீரும் உரமும்

முளைக்கும் வரை மேல்மண் காயாதபடி தினமும் காலையில் தெளிப்பு. அதன்பின் மழையில்லாத நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இந்த அளவு பாத்திக்கு பத்து லிட்டர் வாளியால் மூன்று வாளி. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். நுனியில் ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். அளவைவிட ஒழுங்குதான் இங்கே முக்கியம். ஒரு வாரம் காயவிட்டு ஒரே நாளில் குளமாக்கினால் கிழங்கு நெடுக வெடித்துவிடும். ஆழ்துளைக் கிணற்றில் உப்புநீர் வரும் வீடுகளில் இலை ஓரம் கருகுவதைப் பார்க்கலாம். அவர்கள் முற்றத்துக் கூரைகளிலிருந்து வழியும் மழைநீரை அண்டாக்களிலும் தொட்டியிலும் பிடித்துவைத்து, இடையிடையே அதை விட்டால் மண்ணில் உப்புத் தங்காது; மழைநீரை முற்றத்தில் இறக்கிச் சேர்க்கும் வகையில்தானே இந்த வீடுகளையே கட்டியிருக்கிறார்கள். அரிசி கழுவிய நீரும் நல்லதுதான், அதில் மண்டிக் குழம்பு வைத்ததுபோக மிஞ்சினால்.

அடியுரம் சரியாக இட்டிருந்தால் மேலுரம் ஒரே ஒருமுறை போதும். இருபதாம் நாள் வாக்கில் கால் கிலோ கடலைப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். அதற்குமேல் கொடுத்தால் இலைதான் கொழிக்கும்.

மயிலும் பூச்சியும்

நம் ஊர்களில் முள்ளங்கியின் முதல் எதிரி மயில். முளைத்து இரண்டிலை விட்ட நிலையில் ஒரு குடும்பமாக வந்து, ஒரு காலைக்குள் வரிசையையே துடைத்துவிட்டுப் போகும். மயிலைத் துன்புறுத்துவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் தடுப்பு ஒன்றே வழி. பாத்தியின் குறுக்கே மூங்கில் சிம்புகளை வில்லாக வளைத்து ஊன்றி, பழைய மீன்வலையை மேலே போட்டு, ஓரங்களைக் கல்வைத்து அமுக்குங்கள். வலை இல்லையென்றால் முதல் பத்து நாளுக்குப் வாயில் என்னும் மெல்லிய பருத்தித் துணியாலான பழைய சேலையும் உதவும். வெளிச்சமும் போகும், அலகும் போகாது. என் தோட்டத்தில் கிழிந்த சுங்குடிச் சேலை இரண்டு பருவம் உழைத்தது.

பூச்சிகளில் மூன்றை அடையாளம் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். இலையில் ஊசியால் குத்தியதுபோலச் சிறு சிறு துளைகள் இருந்து, கையை நீட்டியதும் எள்ளளவுக் கருவண்டுகள் துள்ளிப் போனால், காலையில் பனி ஈரத்தோடு இலைமேல் சலித்த சாம்பலைத் தூவுங்கள். இலையின் அடியில் பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ அடையடையாய் ஒட்டியிருப்பது அசுவினி. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது நீரில் கரைய ஒரு சிட்டிகை சோப்புத்தூள் என்று கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். மூன்றாவது, கடுகுப் பயிர்களுக்கே உரிய ஒரு கறுத்த புழு. தொட்டதும் சுருண்டு கீழே விழுந்துவிடும். உச்சி வெயிலில் தேடினால் அது மண்ணுக்குள் ஒளிந்திருக்கும்; காலையிலும் அந்தியிலும்தான் இலைமேல் இருக்கும். ஓர் அகன்ற தட்டில் சோப்பு நீரை ஊற்றி இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு செடியை லேசாகத் தட்டினால் அத்தனையும் தட்டில் வந்து விழும். மருந்து தேவையே இல்லை. 45 நாளில் சாப்பிடப்போகும் பயிருக்கு, அதிலும் இலையையும் சேர்த்துச் சாப்பிடப்போகும் பயிருக்கு, கடையில் விற்கும் இரசாயன மருந்தை அடிப்பதை நான் ஒப்புவதில்லை.

பிடுங்கும் நாள்

மண்ணுக்கு அடுத்தபடியாகப் புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கத்தரி இரண்டு நாள் தள்ளிப் பறித்தாலும் கத்தரிதான். முள்ளங்கிக்கு அந்தப் பொறுமை கிடையாது. 40ஆம் நாளிலிருந்து தினமும் பாத்தியைப் பாருங்கள். கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை எழுந்து, ஒன்றரை அங்குல விட்டத்துக்கு வந்திருந்தால் முதலில் ஒன்றைப் பிடுங்கி, குறுக்கே அரிந்து பாருங்கள். அரியும்போது 'சரக்'கென்று ஒலியெழுந்து, வெட்டுமுகத்தில் நீர் துளிர்த்து, நடுவரை ஒரே வெண்மையாக இருந்தால் அந்த வரிசையைப் பத்து நாளுக்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். நடுவில் ஒளி மங்கிய வட்டமாக, நெட்டியை வெட்டியதுபோல உலர்ந்து தெரிந்தால் பஞ்சு விழத் தொடங்கிவிட்டது. எஞ்சியதை அன்றே எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் எனக்கு நல்ல விளைச்சல். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வரும் உறவுக்காரர்கள் தோட்டத்தில் நிற்கும்போதே பார்க்கட்டும் என்ற ஆசையில், மார்கழி கடைசியில் முதிர்ந்துவிட்ட ஒரு வரிசையைப் பன்னிரண்டு நாள் பிடுங்காமல் விட்டுவைத்தேன். வந்தவர்கள் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். சாம்பாரில் போட்டபோது கரண்டிக்கு நார்தான் அகப்பட்டது. சிறியதாக இருக்கிறதே, இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருப்பதும் இதே கதையில்தான் முடியும்: ஐம்பத்தைந்து நாளுக்குமேல் பெருகுவது பெரும்பாலும் பஞ்சுதான்.

பிடுங்குவதற்கு முதல்நாள் மாலை நீர் விடுங்கள். காய்ந்த செம்மண் கிழங்கைப் பிடித்துக்கொண்டு விடாது. இலை மட்டும் கையோடு வரும். காலையில், இலைக்கொத்தின் அடியைக் கிழங்கோடு சேர்த்துப் பிடித்து, கால்வட்டம் திருகி, நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். சாய்த்து இழுத்தால் பாதியில் ஒடியும். இலையோடு வைத்தால் இலை கிழங்கின் நீரை உறிஞ்சி, மாலைக்குள் கிழங்கை வாட்டிவிடும் என்பதால், ஓர் அங்குலக் காம்பை விட்டுவிட்டு இலையை உடனே அரிந்துவிடுங்கள். அறுத்த இலையில் இளையவற்றைக் கீரைக்கு ஒதுக்குங்கள். வைட்டமின் சி கிழங்கைவிட இலையில்தான் அதிகம். கிழங்கை அலசி, ஈரத்துணி விரித்த ஓலைக் கொட்டானில் வைத்து நிழலில் மூடிவைத்தால் இரண்டு மூன்று நாள் வாடாது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்.

மண்ணே இல்லாத வீடுகளில், ஓரடிக்குக் குறையாத ஆழமுள்ள பையில் சலித்த செம்மண், மக்கிய எரு, தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி இதே முறையில் வளர்க்கலாம். மொட்டைமாடிச் சூட்டில் பை சீக்கிரம் காய்வதால் தினமும் நீர் வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு

பாத்தி காலியானதும் அதே இடத்தில் கடுகு, முட்டைக்கோசு, காலிஃபிளவர் ஆகியவற்றைப் போடாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், அதே பூச்சிகள் காத்திருக்கும். தட்டைப்பயறு போட்டால் மண்ணுக்கும் நல்லது.

விதைக்காக ஒரே ரகத்தில் நல்ல செடிகள் ஐந்தாறை விட்டுவையுங்கள். விட்டுவைப்பது சீக்கிரம் பூத்தவையாக இருக்கக் கூடாது. அவற்றின் விதை அடுத்த ஆண்டும் சீக்கிரம் பூக்கும். பூசா சேட்கி போன்ற நம் நாட்டு வெப்ப ரகங்கள் சமவெளியிலேயே விதை பிடிக்கும். குளிர்நாட்டு ரகங்கள் பிடிக்கமாட்டா. தேனீக்கள் வேற்று ரக மகரந்தத்தையும் கொண்டுவந்துவிடும் என்பதால் பக்கத்தில் யாராவது வேறு முள்ளங்கி பூக்க விட்டிருந்தால் அந்த ஆண்டு விதை எடுக்க வேண்டாம். காய்கள் பழுத்து வைக்கோல் நிறம் வந்ததும் தண்டோடு அறுத்து, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, சாக்கில் போட்டுக் கோலால் தட்டினாலும் சில காய்கள் திறக்காது. அவற்றை அம்மிக்குழவியால் மெல்ல உருட்டினால் விதை உதிரும். புடைத்தெடுத்த விதையோடு காய்ந்த வேப்பிலை சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். ஈரம் படாமல் இருந்தால் மூன்று ஆண்டுவரை முளைக்கும்.